யார் தந்த இலவசம்? சென்னையின் அருங்காட்சியகங்களும் பொது வெளிகளும், 1851–2024

எழும்பூர் பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பொது நிறுவனங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கன்னிமாரா நூலகத்துக்குள் எவரும் போய்ப் பகல் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். வாசலில் காசு கேட்பவர் இல்லை. அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டுமென்றால் சீட்டு எடுக்க வேண்டும். அண்மைக் காலக் கட்டணம் பெரியவர்களுக்கு 15 ரூபாய், சிறுவர்களுக்கு 10 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனாலும் இரண்டும் அரசுடையவை, இரண்டும் கல்விக்கென்று ஏற்பட்டவை. இந்த வேறுபாடு எப்படி வந்தது? சென்னையில் எதெல்லாம் இலவசமாக இருந்தது, எது அப்படியே நிலைத்தது, எது சீட்டுக்குள் போனது என்று நூற்றெழுபது ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு விடை தெரிகிறது. ஆட்சியாளரின் தாராள மனம் இதைத் தீர்மானிக்கவில்லை. செலவை யார் சுமந்தார்கள் என்பதே தீர்மானித்தது.

கல்லூரி மாடியில் தொடங்கியது

சென்னை இலக்கியச் சங்கம் 1846-இல் விடுத்த வேண்டுகோளை ஏற்று, பின்னர் ஆளுநரான ஹென்றி பாட்டிஞ்சர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களிடம் அருங்காட்சியகத்துக்கு ஒப்புதல் பெற்றார். 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அது திறக்கப்பட்டது. கையிருப்பு ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகள். பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் இராணுவ மருத்துவர். கம்பெனியின் நோக்கத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை: மாகாணத்தில் எந்தக் கல் எங்கே கிடைக்கும், எந்த மரம் எதற்கு உதவும் என்பதை ஓரிடத்தில் பார்க்க வேண்டும். பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது இந்தக் கணக்கின் ஒரு பகுதியே. ஆள் வராத காட்சிக்கூடத்துக்கு அடுத்த ஆண்டு பணம் கேட்க முடியாது.

கற்களைப் பார்க்கக் கூட்டம் வராது என்பது பால்ஃபருக்குச் சீக்கிரமே புரிந்தது. உயிருள்ள புலிக்குட்டியையும் சிறுத்தைக்குட்டியையும் கொண்டுவந்து வைத்தார், கூட்டம் பெருகியது. 1854-இல் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் என்று பெயர்பெற்ற பழைய கேளிக்கை மாளிகைக்கு இடம் மாறியது. நகரத்து வெள்ளைக்காரப் பிரமுகர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் வைத்திருந்த இடம் அது. மறு ஆண்டே அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலை உருவாயிற்று. கர்நாடக நவாபின் அரசவையில் கம்பெனியின் முகவராகவும் பால்ஃபர் இருந்ததால், நவாபை இணங்கவைத்து அவருடைய விலங்குகளையும் வாங்கிக்கொண்டார். 1856-இல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. பதவியின் பளபளப்பு மட்டும் மிஞ்சியிருந்த நவாபின் கொட்டிலிலிருந்து வந்த விலங்குகளைச் சென்னையின் சாமானியர் காசில்லாமல் பார்த்தார்கள். முதல் இலவசத்துக்கு விலை கொடுத்தவர்களில் அந்த நவாபும் ஒருவர்.

மக்கள் இந்த இடங்களைத் தமக்கேற்றபடி எடுத்துக்கொண்டார்கள். பாடம்செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் உள்ள அருங்காட்சியகம் சென்னைப் பேச்சில் ‘செத்த காலேஜ்’ ஆனது. விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ ஆனது. கல்லூரி மாடியில் பிறந்ததன் நினைவு அந்தப் பெயர்களில் நெடுங்காலம் தங்கியது. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனுக்கு இந்தக் கூட்டத்தின் மேல் இருமனம். அருங்காட்சியகத்தைத் தமாஷா வீடாக எண்ணி வருகிறவர்களுக்கு எதைக் காட்டினாலும் ஒன்றுதான் என்று ஆண்டறிக்கையில் அலுத்துக்கொண்டார். அதே ஆள்தான் பர்தா முறையைக் கடைப்பிடித்த கோஷா பெண்கள் ஆண்களின் இடையூறின்றி வந்து பார்க்கத் தனி நாள் ஒதுக்கிய ஏற்பாட்டையும் நடத்தினார். அருங்காட்சியகத்திலேயே மானிடவியல் ஆய்வறை ஒன்றை அமைத்து, மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளைக் கையிலெடுத்தவரும் அவரே. வாசலில் காசு வாங்காத நிறுவனம் தன் மக்களை மாதிரிகளாகவும் பார்த்தது என்பதை மறந்துவிட்டு அக்கால இலவசத்தைப் புகழ்வதற்கில்லை.

ஆனால் தர்ஸ்டனின் அலுப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு நகரத்துக்கு வந்தவர்கள் எழுத்தறியாதவர்களாக இருந்திருக்கலாம். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு எழுத்தறிவு வேண்டாம். அறிவிப்புப் பலகைகளை அவர்கள் மொழியில் எழுதாததும் அவர்கள் குற்றமன்று.

பூங்காவாக இருந்த ஊர்

சார்லஸ் டிரெவெல்யன் சென்னை ஆளுநராக இருந்தது 1859, 1860 ஆகிய ஆண்டுகளில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே. அதற்குள் இந்தியர் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் நெரிசலுக்கு வெளியே 116 ஏக்கரில் மக்கள் பூங்கா ஒன்றுக்கு அவர் வித்திட்டார். புதிய வரிகளை எதிர்த்து எழுதிய தம் குறிப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்ததற்காக லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரியை எதிர்த்தவரே பொதுச் செலவில் பூங்கா கேட்டவர் என்பது இக்கட்டுரையின் கேள்வியை அப்போதே நம் முன் வைக்கிறது.

1863-இல் எழும்பூரின் விலங்குகள் மக்கள் பூங்காவுக்கு மாறின. குளங்கள், நடைபாதைகள், விலங்குக் கூண்டுகள் என நகரத்தின் பெரிய பொழுதுபோக்கிடமாக அது வளர்ந்தது. டிசம்பர் மாதப் பூங்காத் திருவிழா ஊரையே இழுத்தது. 1886 டிசம்பர் 31 அன்று அந்தத் திருவிழாவில் மூண்ட தீ பெரும் உயிர்ச்சேதத்தை விளைவித்தது. பிறகு பூங்காவைத் தின்றது நெருப்பன்று, கட்டடங்கள். விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் பொதுக் காரியத்துக்குத்தான் என்பதால் எதிர்ப்பதும் கடினம். இன்று அந்தப் பூங்காவின் பெரும் மிச்சம் ‘பார்க் டவுன்’ என்ற பெயரும் ‘பார்க்’ என்ற ரயில் நிலையமும்தான்.

மணலின் கடன்

கட்டணமில்லா இடம் என்றதும் சென்னைக்காரர் நினைப்பது மெரினாவைத்தான். அது முழுக்க இயற்கையின் கொடை என்றொரு எண்ணம் உண்டு, உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டைக்குத் தெற்கே இவ்வளவு அகன்ற மணற்பரப்பு கிடையாது. 1870-களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. இக்கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்ததும் தென்புறத்தில் மணல் சேர்ந்துகொண்டே போயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கே உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் கடற்கரையொன்றை நினைத்து மெரினா என்று பெயரிட்டார்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. வீடுகளும் வலை உலர்த்தும் இடமும் கடலுக்குள் போயின. கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகள் போட்டும் அரசு இன்றுவரை அங்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது. நாடெங்குமிருந்து வருகிறவர்கள் இலவசமாக நடக்கும் மெரினாவுக்கு வடசென்னைக் குப்பங்கள் தங்கள் கரையைக் கொடுத்திருக்கின்றன. எந்தச் சுற்றுலாக் கையேடும் இதைச் சொல்வதில்லை. மெரினாவை ஒட்டிய குப்பங்களும் தப்பவில்லை. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். வாசலே இல்லாத இடத்திலும் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்ற கேள்வி இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மெரினா ஒரு திறந்தவெளிக் காட்சிக்கூடமாகவே மாறியது. 1909-இல் அங்கே மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் வந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கண்ணகி, திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் முதலிய சிலைகள் வரிசையாக நின்றன. கால்டுவெல்லுக்கும் போப்புக்கும் வீரமாமுனிவருக்கும் அங்கே இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அண்ணா அங்கே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. 2024-இல் திறக்கப்பட்ட கருணாநிதி நினைவிடத்தின் கீழ்த்தளத்தில் ‘கலைஞர் உலகம்’ என்னும் நவீன அருங்காட்சியகமே இருக்கிறது. முன்பதிவு வேண்டும், கட்டணம் இல்லை.

நினைவிடங்களுக்குள் இதுவரை எந்த ஆட்சியும் சீட்டு வைக்கவில்லை, வைக்கவும் வைக்காது. கட்சியின் நினைவைப் பொதுப்பணத்தில் பராமரிப்பதில் இரு பெரும் கட்சிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பல்லவர் கல்லுக்கும் சோழர் செம்புக்கும் அப்படி வாதாடக் கட்சி எதுவும் இல்லை.

நூலக வரி

மீண்டும் பாந்தியன் வளாகத்துக்கு வருவோம். கன்னிமாரா நூலகம் 1896-இல் அருங்காட்சியகத்தின் உடன்பிறப்பாகவே அங்கே திறக்கப்பட்டது. அவற்றின் வழிகள் பிரிந்தது 1948-இல். நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியில் அவ்வாண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நூலகம் வேண்டும் என்று அறிவித்ததோடு சட்டம் நின்றுவிடவில்லை. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கவும் வகை செய்தது. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1950-இல் கன்னிமாரா மாநில மைய நூலகமானது. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள்ளும் எவரும் இலவசமாகப் போய்ப் படிக்க முடிகிறதென்றால் அது இந்த மரபின் தொடர்ச்சி. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறி வாடகைக்காரர் வரை போய்விடுகிறது. ஆக நகரமே பணம் கட்டி நகரமே படிக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு அப்படியொரு சட்டமும் வரியும் வாய்க்கவில்லை. மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் இருவரும் 1936-இல் வெளியிட்ட இந்திய அருங்காட்சியகங்கள் பற்றிய அறிக்கை நிதிப் பற்றாக்குறையைச் சுட்டியிருந்தது. கண்காணிப்பாளர்கள் கிரேவ்லி, ஐயப்பன் ஆகியோர் காலத்தில் ஆய்வுத் தரம் உயர்ந்தது. சிவராமமூர்த்தியின் அமராவதிச் சிற்ப நூல் 1942-இல் இங்கிருந்துதான் வந்தது. ஆனால் நிறுவனத்தின் வரவு ஆண்டுதோறும் அரசு ஒதுக்குவதை நம்பியே இருந்தது. அப்படிப்பட்ட நிறுவனம் இறுக்கம் வரும்போது சீட்டு அச்சடிக்கும்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய அமராவதித் தூபியின் பலகைக் கற்களில் ஒரு பகுதி 1859-இல் கப்பலேறி லண்டன் போயிற்று. மீதி எழும்பூரில் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை, எந்த நாட்டவருக்கும் இல்லை. ஒரே தூபியின் கற்களை எடுத்துச்சென்றவர்கள் இலவசமாகக் காட்டுகிறார்கள், வைத்திருக்கும் நாம் சீட்டுப் போடுகிறோம். அங்கே நாடாளுமன்றம் பணம் ஒதுக்குகிறது என்பதே விளக்கம். அவர்கள் நம்மைவிடப் பெருந்தன்மையானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால் 15 ரூபாய்ச் சீட்டு இன்னும் இந்நகரின் மிக மலிவான பேறுகளில் ஒன்று. இங்குள்ள நடராசர் படிமங்களின் நிழற்படங்களை மட்டுமே பார்த்து, பிரான்சின் பெருஞ்சிற்பி ரோடான் வியந்து எழுதினார். செம்புச் சிலைகளை நேரில் காண அவருக்கு வாய்க்கவில்லை. நமக்கு ஒரு தேநீர்க் காசில் வாய்க்கிறது.

இருநூறு ரூபாய்

கவலைக்குரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்திருக்கிறது. மக்கள் பூங்காவில் நெருக்கடி மிகுந்ததால் உயிர்க்காட்சி சாலை வண்டலூருக்குப் போய் 1985-இல் திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு அது விடுதலை. பழைய கூண்டுகளோடு வண்டலூரின் காட்டுப்பரப்பை ஒப்பிடவே முடியாது. ஆனால் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் இருந்தது சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனது. 2023-இல் பெரியவர்களுக்கான கட்டணம் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. தாய், தந்தை, பாட்டி என மூன்று பெரியவர்கள் போனால் சீட்டுக்கு மட்டும் 600 ரூபாய். ரயிலும் சாப்பாடும் தனி. காணும் பொங்கலன்று அங்கே இன்றும் கூட்டம் முட்டுகிறது. அதை வைத்து எல்லோருக்கும் கட்டுப்படியாகிறது என்று சொல்லிவிட முடியாது, ஆண்டுக்கு ஒருநாள் சேர்த்துவைத்துச் செலவழிப்பவர்களின் கூட்டம் அது.

பூங்காக்களும் இதே வழியில் போகின்றன. கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பிடியிலிருந்து அரசு மீட்ட நிலத்தில், 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது. பொது நிலத்தைத் தனியார் கையிலிருந்து மீட்டது பாராட்டத்தக்கது. உள்ளே போகப் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். எதிரே 2010-இல் அமைந்த செம்மொழிப் பூங்காவின் சீட்டு அதில் ஒரு சிறு பங்கே.

இங்கே பார்த்தவற்றில் கட்டணமின்றி நிலைத்தவை மூன்று வகை: கடற்கரை, நினைவிடங்கள், நூலகங்கள். முதலாவதின் செலவு வடக்கே தள்ளப்பட்டது. இரண்டாவதை அரசியல் சுமக்கிறது. மூன்றாவதைச் சட்டம் சுமக்கிறது. பின்பற்றத் தக்கது மூன்றாவது ஒன்றுதான். நூலக வரியில் கைவைக்காமல், அதே முறையில் அருங்காட்சியகங்களுக்கென்று தனியொரு சிறு வரியைச் சட்டமன்றம் ஆராய வேண்டும். அதுவரை, மத்தியத் தொல்லியல் துறை உலக மரபு நாள் போன்ற சில நாட்களில் கட்டணத்தை விலக்குவதுபோல, எழும்பூர் அருங்காட்சியகமும் வண்டலூரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் சீட்டில்லாமல் திறக்கட்டும். பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கிப் பழகிய அருங்காட்சியகத்துக்கு இது புதிய வேலையன்று.