வசனமா, சொல்லா? தமிழ் வேதாகமத்தில் குறியிடுதலின் அலகு: பெரியகல்லாற்றை முன்வைத்து

வேதாகம வாசிப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் பீட்டர் ஸ்டாலிபிராஸ் 2002இல் வெளியிட்ட ‘நூல்களும் சுருள்களும்’ என்ற கட்டுரையைத் தொடாமல் கடப்பது அரிது. அதன் வாதம் இது: சுருள் வாசகரைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இழுத்துச் செல்கிறது, தாள்களை மடித்துத் தைத்த புத்தகமோ வேண்டிய இடத்தில் திறக்க விடுகிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் புத்தக வடிவை விரும்பி ஏற்றதற்கும் இடம்விட்டு இடம் தாவும் இந்த வாசிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு பக்கத்தில் விரலைச் செருகிக்கொண்டு மறுபக்கத்தைப் புரட்டுவது, நாடா வைப்பது, ஓரத்தில் ஒத்த வசனங்களைக் குறிப்பது எல்லாம் அந்த வடிவத்தோடு வளர்ந்த பழக்கங்கள். முதற்பக்கம் தொட்டு இறுதிப்பக்கம் வரை ஒரே ஓட்டமாக வாசிப்பதை நாம் இயல்பு என்று எண்ணுகிறோம்; ஸ்டாலிபிராஸின் பார்வையில் அது நாவல் கொண்டுவந்த ஓர் இடையீடு மட்டுமே.

நாவல் பற்றிய இறுதிப் பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. வாசிக்கும் முறையை வாசிக்கப்படும் பொருளின் வடிவத்தோடு அவர் கட்டிப்போடும் இடத்தில்தான் பிணக்கு. அவர் எழுதியது இங்கிலாந்தைப் பற்றி; தமிழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதற்காக அவரைக் குறைகூற முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையை அப்படியே எடுத்துக் கணினிக்குப் பொருத்தினால், காகித ஓரத்துக் கோடும் பென்சில் அடிக்கோடும் நேரே வந்து வேதாகமச் செயலியின் மஞ்சள் பட்டையாக முடிந்தன என்ற ஒற்றைக் கோட்டு வரலாறுதான் கிடைக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு நேராக வரவில்லை.

முதற்காரணம் ஏடு. சுருள், புத்தகம் என்ற இரண்டே வகைகளுக்குள் பனையோலைச் சுவடி அடங்காது. ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. துளையில் ஓடும் கயிறு மட்டுமே அவற்றைச் சேர்க்கிறது. சைவ மரபில் கயிறு சாத்திப் பார்ப்பது என்ற வழக்கம் உண்டு: கட்டிய திருமுறை ஏட்டுக்குள் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஓலையில் வரும் பாடலைத் தமக்கான விடையாகக் கொள்வது. இதைவிடத் துண்டான வாசிப்பு உண்டா? அதே ஏட்டு வடிவம்தான் மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வேறு விதமாக வாசிக்கப்படுகிறது. வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை அங்கே காதை காதையாக, குளிர்ச்சி வரை, ஊர் கூடிக் கேட்கத் தொடர்ந்து பாடப்படுகிறது. பொருள் ஒன்று, வாசிப்பு இரண்டு. வடிவம்தான் வாசிப்பைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த இரண்டும் ஓர் ஏட்டில் ஒருங்கே இருக்க இடமில்லை.

தமிழ் வாசகர் இடம் கண்டுபிடித்தது விரலால் அல்ல, எண்ணாலும் குரலாலும் என்பது என் துணிபு. புராணபடனத்தில் ஒருவர் பாடலை வாசிக்க, மற்றவர் பயன் சொல்கிறார். விளக்கத்தின் அலகு பாடல். ஆலயத்தில் போதகர் அதிகாரத்தையும் வசன எண்ணையும் சொல்ல, சபை அந்த இடத்தைத் தேடி எடுக்கிறது. பிரசங்கத்தின் அலகு வசனம். 1551இல் ராபர்ட் எத்தியேன் தம் கிரேக்கப் பதிப்பில் வசன எண் இட்டபோது அறிஞர்களின் வசதி முன்னின்றது. அது தமிழுக்கு வந்து சேர்ந்தபோது, பாடல் பாடலாகப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன.

பெரியகல்லாறு இந்தக் கேள்விக்குப் பொருத்தமான களம். கோட்டைக்கல்லாற்றுக்குத் தெற்கே, ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக ஒடுங்கிய அந்த நிலத்துண்டில் மெதடிஸ்த சபையும் அம்மன் கோயிலும் நடை தூரத்தில் இருக்கின்றன. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததில் தொடங்கும் மிசன் வரலாற்றை இங்கே மீண்டும் சொல்லத் தேவையில்லை. பீட்டர் பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்தில் உழைத்து 1850இல் வெளிவந்த திருப்புதல் நிலைக்காமல் போனதும், ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல் அந்த இடத்தைப் பிடித்ததும் தெரிந்த செய்திகளே. இன்று ‘பழைய திருப்புதல்’ என்ற பெயரில் கைபேசிகளில் இருப்பது அந்த 1871 மரபுதான்.

காகிதச் சான்று இந்தக் கரையில் குறைவு. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசம்பர் 26 கடல் வீடுகளுக்குள் வந்தது. இடையில் போரும் இடப்பெயர்வும். உப்புக்காற்று மட்டுமே போதும், மெல்லிய வேதாகமத் தாள் பழுத்துப்போக. ஆகவே பழைய பிரதிகளில் குறியிடும் பழக்கத்தை ஆண்டுவாரியாக அடுக்க முடியாது. மிஞ்சிய பிரதிகளில் நான் பார்த்தவரை, சிவப்பு நீலப் பென்சில் கோடு பெரும்பாலும் வசன எண்ணில் தொடங்கி வசன முடிவில் நிற்கிறது. வசனத்துக்குள் ஒரு சொல்லை மட்டும் வட்டமிட்டு வேறொரு சொல்லோடு கோட்டால் இணைப்பது அரிதாகவே தென்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டீபன் மென்சீஸ் அம்மையார் ஆங்கில வாசகர்களுக்குப் பரப்பிய ‘ரயில்பாதை’ முறை இத்தகையதுதான்: பக்கத்தின் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு மெல்லிய கோடு ஓடும். அப்படிப்பட்ட தண்டவாளங்கள் இங்கே பெரிதாகப் போடப்படவில்லை.

ஏன்? இங்கேதான் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வாசகர்கள் வசனத்தை ஆராய்வதற்காகக் குறிக்கவில்லை. தமக்குக் கிடைத்ததற்காகக் குறித்தார்கள். ஆண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் அட்டை எடுத்து வாக்குத்தத்த வசனம் பெறுவது தமிழ்ச் சபைகளில் ஊறிப்போன வழக்கம். ‘எனக்கு இந்த வருசம் இந்த வசனம் கிடைச்சது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அதைத் தம் வேதாகமத்தில் கோடிடுவார்கள். கயிறு சாத்தி எடுத்த பாடலுக்கும் அட்டையில் எடுத்த வசனத்துக்கும் உள்ள உறவு எனக்கு வெறும் தோற்ற ஒற்றுமையாகப் படவில்லை. இரண்டிலும் பகுதி முழுமையாகவே வருகிறது. அரைப்பாடல் யாருக்கும் விழுவதில்லை. அரை வசனம் யாருக்கும் கிடைப்பதில்லை. முழுமையாகக் கிடைத்ததற்கு முழுமையாகத்தான் கோடிட முடியும்.

இதற்கு எதிரான சான்றை மறைக்கக் கூடாது. போகாட்ஸ்கியின் பொற்கருவூலம் 1718இல் ஜெர்மனியின் ஹாலே பக்தி இயக்க வட்டத்திலிருந்து வெளிவந்தது; நாளுக்கொரு வசனம் என்ற அதன் ஏற்பாடு ஐரோப்பா முழுவதும் பரவியது. மொரேவியர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் நாள்வசன நூலை அச்சிட்டு வருகிறார்கள். 1760இல் அவர்கள் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். தரங்கம்பாடியில் 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவும் ஹாலே மரபினரே. எனவே வாக்குத்தத்த அட்டை கப்பலேறி வந்த பழக்கமாகவும் இருக்கலாம். வந்தது கப்பலில் என்றாலும், வேர் பிடித்த மண் இங்கே பண்பட்டிருந்தது என்பதே என் வாதம். எந்தப் பத்தாண்டில் அது கிழக்கிலங்கைச் சபைகளில் வழக்கமாயிற்று என்பதைத் திறந்தே விடுகிறேன்.

இனி மென்பொருள். 1992இல் முதற்பதிப்பு கண்ட லோகோஸ், 2000இல் வந்த ஈ-சோர்ட் போன்ற கணினி நிரல்கள் வசனத்துக்குள் எந்தச் சொல்லையும் தனியே நிறமிட இடம் தருகின்றன. 2008 ஜூலையில் கைபேசிக்கு வந்த யூவெர்சன் வேறு வழியில் போயிற்று: வசனத்தைத் தொட்டால் முழு வசனமும் நிறம் பெறும், துண்டாகப் பெறாது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள ஒரு சபை உருவாக்கிய செயலி அது. தமிழ் வாசகரை மனத்தில் வைத்து அந்த முடிவு எடுக்கப்படவில்லை. அச்சுக்கும் கணினிக்கும் பொதுவாக வேதாகமச் சங்கங்கள் பயன்படுத்தும் யு.எஸ்.எஃப்.எம். குறிமுறையிலும் நிலையான முகவரி உள்ள மிகச் சிறிய அலகு வசனமே. ஆக, வசன அளவு நிறக்குறி தொழில்நுட்ப வசதியால் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அது எப்படிப் பிறந்தது என்பதையல்ல, இங்கே ஏன் முணுமுணுப்பின்றி ஏற்கப்பட்டது என்பதை. கணினியில் சொல் அளவு நிறமிடப் பழகிய ஆங்கில வாசகர் இதைக் குறையாகக் கருதக்கூடும். பென்சில் கோட்டையே வசன எண்ணிலிருந்து இழுத்தவருக்கு இதில் குறையென்ன?

சொல் அளவு குறியிடல் தமிழில் எவ்வளவு தளர்வானது என்பதைக் காட்ட ஒரு பாடபேதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாடபேதம் இது. கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரிமாறப்படும் பழைய திருப்புதல் கோப்புகள் இரண்டை ஒப்பிட்டபோது ‘யோவான்’ என்ற பெயர் ஒன்றில் ஆறு யூனிகோட் குறியீடுகளாகவும் மற்றொன்றில் ஏழாகவும் இருந்தது. திரையில் இரண்டும் ஒன்றே. ஆறாக உள்ளதில் யகரத்தை அடுத்து ஓகாரக் குறி ஒரே குறியீடாக வருகிறது. ஏழாக உள்ளதில் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருகின்றன. யூனிகோட் இவ்விரண்டையும் சமமானவை என்று ஏற்கிறது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்த இருநிலை உண்டு. யாரும் தம் கணினியில் சோதித்துப் பார்க்கலாம்.

ஏழு எங்கிருந்து வந்தது? என் ஊகம் பாமினி எழுத்துரு. இலங்கைத் தமிழ்க் கணினிகளில் நெடுங்காலம் கோலோச்சிய அந்த எழுத்துருவில் ‘யோ’வை எழுத முதலில் கொம்பு, பிறகு யகரம், பிறகு கால் என மூன்று விசைகள் தட்ட வேண்டும். பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய நிரல் கொம்பை யகரத்துக்குப் பின்னே நகர்த்திவிட்டு, காலோடு சேர்க்க மறந்திருந்தால் கிடைப்பது இந்த ஏழுதான். அப்படியானால், அந்தக் கோப்பின் மூதாதை யூனிகோடில் அல்ல, பாமினி விசைப்பலகையில் தட்டப்பட்டது. ஏடெழுதுவோன் செய்த வழு சுவடியின் குடிவழியைக் காட்டிக்கொடுப்பது போன்றது இது. ஆயினும் இதை உறுதிச் சான்றாக வைக்க மாட்டேன். வேறு எழுத்துருக்களிலிருந்து மாறிய கோப்புகளிலும் இதே பிளவு நேரலாம். கவனமாக எழுதிய மாற்றி பாமினிக் கோப்பையும் ஆறாகவே தந்திருக்கும்.

குறியிடுதலுக்கு இதனால் விளைவது பெரியது. சொல் அளவு நிறமிடும் நிரல், ‘இந்த வசனத்தில் இத்தனையாவது குறியீட்டிலிருந்து இத்தனையாவது வரை’ என்று எண்ணி வைத்திருந்தால், கோப்பு ஏழிலிருந்து ஆறுக்கு மாறிய அன்றே நிறம் நகரும். வசனத்தில் முன்னால் எத்தனை ஒகர, ஓகார, ஔகாரங்கள் வருகின்றனவோ அத்தனை இடம் தள்ளிப்போகும். ‘யோசேப்பு’க்கு இட்ட மஞ்சள் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். இந்த இரு நிலைகளையும் சமப்படுத்தாத தேடல், கைபேசி விசைப்பலகையில் ஆறாகத் தட்டிய ‘யோவான்’ என்ற பெயரை ஏழாக உள்ள கோப்பில் கண்டுபிடிக்காது. வசன எண்ணோடு கட்டிய நிறம் மட்டும் அசையாமல் நிற்கும்.

என் முடிவையே தாக்கக்கூடிய கேள்வி இதிலிருந்து எழுகிறது. வசன அளவுக் குறிகள் அதிகம் காணப்படுவது வாசகர் அவற்றை விரும்பியதாலா, அல்லது கோப்பு மாற்றங்களைத் தாண்டிப் பிழைத்தவை அவை மட்டும் என்பதாலா? காகிதத்திலும் இதே ஐயம் உண்டு. 2004க்குப் பிறகு மிஞ்சியவை பெரும்பாலும் அலுமாரியின் மேல்தட்டில் இருந்த குடும்ப வேதாகமங்கள். நாள்தோறும் கையில் புரண்டு, சொல் சொல்லாகக் கோடிடப்பட்ட பிரதிகள் கடலோடு போயிருக்கலாம். இந்த ஐயத்தை நான் முழுதாக நீக்கவில்லை. ஆனால் ஒன்று: கடலும் குறியீட்டு மாற்றமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சல்லடைகள். இரண்டிலும் வசனமே தங்கியிருப்பது தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

காலவரையறை பற்றி இவ்வளவே சொல்லலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியத் தொடங்கியது 2010களின் முற்பகுதியில். பென்சிலிலிருந்து தொடுதிரைக்கான பெயர்ச்சியை அதற்கு முன் தள்ள முடியாது. மேல் எல்லை தெளிவில்லை, ஏனெனில் பலர் இன்னும் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம், தமிழ்த் தொடரமைப்புக்காகச் சில இடங்களில் அடுத்தடுத்த வசனங்களை இணைத்து ஒரே எண்தொகுதியாகத் தருகிறது. பழைய திருப்புதலில் இரண்டாம் வசனத்துக்கு மட்டும் இட்ட நிறம் அங்கே எதன்மேல் விழும், வாசகர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் இந்தக் கருத்தைச் சோதிக்கத் தக்க இடம். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அருகருகே வாழும் இந்தக் கரையில் அந்தச் சோதனையைச் செய்ய முடியும்.