0.303-ஆ, 0.276-ஆ? பிரித்தானியப் படைத்துப்பாக்கியின் குழல்விட்டத் தேர்வு (1899–1914)

முன்னுரை

தமிழக மக்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கும் காவல்துறைத் துப்பாக்கியின் பெயர், அதன் குழலின் உள்விட்டத்தைச் சுட்டுவதாகும். 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர் கொண்ட இவ்விட்டத்தைப் பிரித்தானியப் படை 1888ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. கால்நூற்றாண்டு கழித்து, 1913இல், இவ்வளவைக் கைவிட்டு 0.276 அங்குல அளவுக்கு மாறும் முயற்சி நடைபெற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு மில்லிமீட்டரினும் குறைவு. நெடுந்தொலைவுச் சுடுதிறனைக் கருதித் தொடங்கிய இம்மாற்றம் எதனால் எழுந்தது, எதனால் நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போயர் போரில் ஏழு மில்லிமீட்டர்த் தோட்டா பிரித்தானியத் தோட்டாவை வென்றது என்னும் பரவலான கருத்தும் இங்கு மதிப்பிடப்படுகிறது.

போயர் போர் தந்த படிப்பினை

1899 டிசம்பர் 11இல் மாகர்ஸ்ஃபொண்டைனிலும், 15இல் கொலென்சோவிலும் பிரித்தானியப் படை பெருந்தோல்வி கண்டது. பதுங்குகுழிகளிலும் ஆற்றங்கரையிலும் மறைந்திருந்த போயர்கள், ஜெர்மனியிலிருந்து வாங்கிய மவுசர் துப்பாக்கிகளால் சுட்டனர். புகையற்ற வெடிமருந்து அவர்கள் இருப்பிடத்தை மறைத்தது. மவுசரின் ஏழு மில்லிமீட்டர்க் குண்டு ஏறத்தாழ 11.2 கிராம் எடையுடையது. நொடிக்கு 700 மீட்டர் அளவிலான வேகத்தில் குழலைவிட்டு வெளியேறியது. பிரித்தானியக் குண்டோ 13.9 கிராம் எடையும் 600 மீட்டர் அளவிலான வேகமும் கொண்டது. விரைந்து செல்லும் குண்டு வழியில் தாழ்வது குறைவு. ஆதலின் சுடுபவர் தொலைவைச் சற்றுத் தவறாக மதிப்பிட்டாலும் குண்டு இலக்கைத் தொடும் வாய்ப்பு மிகுதி. மரமற்ற வெட்டவெளியில் இது பெரும் நன்மையாகும்.

எனினும், தோல்விகளுக்குக் குழல்விட்டத்தைக் காரணமாக்குவது பொருந்தாது. மவுசரில் ஐந்து தோட்டாக்களை ஒரு பட்டையில் கோத்து ஒரே அழுத்தில் நிரப்பலாம். பிரித்தானிய வீரர் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியிருந்தது. போரின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட லீ–என்ஃபீல்டு துப்பாக்கிகள் சிலவற்றில் குறிகாட்டி பிழையாக அமைந்திருந்தமையால், 500 கெஜத் தொலைவில் குண்டு ஒன்றரை அடி வலப்புறம் விலகியது. வேட்டையில் பழகிய போயர்களின் குறிபார்க்கும் திறனும், மறைவிடத் தேர்வும் இவற்றோடு சேர்ந்தன. பட்டைவழி நிரப்பும் முறையைப் பிரித்தானியர் போருக்குப்பின் வந்த குறுகிய லீ–என்ஃபீல்டில் சேர்த்துக்கொண்டனர். ஆனால் ஏழு மில்லிமீட்டர் அளவு உயர்ந்தது என்னும் எண்ணம் மட்டும் படை வல்லுநரிடையே நிலைத்தது.

கூர்முனைக் குண்டும் புதிய அளவும்

இந்த எண்ணத்துக்கு வலுவூட்டிய இன்னொரு மாற்றம் குண்டின் வடிவில் நிகழ்ந்தது. பிரான்சு 1898இலும், ஜெர்மனி 1905இலும், அமெரிக்கா 1906இலும் மழுங்கிய முனையை விடுத்துக் கூர்முனைக் குண்டுக்கு மாறின. கனடாவில் துப்பாக்கி ஆலை நடத்திய சர் சார்லஸ் ராஸின் 0.280 அங்குலத் தோட்டா, பிஸ்லி நெடுந்தொலைவுப் போட்டிகளில் வெற்றி ஈட்டியது. 1910இல் பிரித்தானியர் 0.303 அளவிலேயே, 11.3 கிராம் எடையும் நொடிக்கு 744 மீட்டர் வேகமும் கொண்ட ஏழாம் வகைக் கூர்முனைத் தோட்டாவைப் புகுத்தினர். அக்காலத்திலேயே 0.276 அளவில் புதுத் துப்பாக்கி உருவாக்கும் பணியும் நடந்தது.

புதிய தோட்டாவின் குண்டு 10.7 கிராம், வேகம் 850 மீட்டர் அளவு. ஏழாம் வகைக் குண்டோடு ஒப்பிட, நிறை ஏறத்தாழ ஐந்து விழுக்காடே குறைந்தது. காற்றை எதிர்கொள்ளும் குறுக்குப் பரப்போ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. நிறை பெரிதும் குறையாமல் பரப்புக் குறைந்தால் குண்டு தன் வேகத்தை நெடுந்தொலைவு தக்கவைத்துக்கொள்ளும். கணக்களவில் புதிய அளவின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது.

நடைமுறை வேறாக இருந்தது. 1913இல் ஏறத்தாழ ஆயிரம் துப்பாக்கிகள் படைப்பிரிவுகளிடம் சோதனைக்கு வழங்கப்பட்டன. குழல் மிகையாகச் சூடேறியது. உட்புறம் விரைவில் தேய்ந்தது. வெடியொளியும் ஓசையும் பின்னுதைப்பும் மிகுந்தன. மிகு வேகத்துக்காகக் குறுகிய குழலுள் பெருமளவு கார்டைட்டை எரித்ததன் விலை இது. குழலின் தொடக்கப்பகுதி தேய்ந்தால் குறிதவறாமை கெடும்; எந்த நெடுந்தொலைவுத் திறனுக்காக அளவு மாற்றப்பட்டதோ, அதையே அம்மாற்றம் அரித்தது.

1914இன் முடிவு

இக்குறைகள் களையப்படும் முன்னரே, 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. பிரித்தானியாவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் 0.303 தோட்டாவையே பயன்படுத்தின. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியும் அவ்வளவினதே. களத்தில் இரு தோட்டாக்களைப் பிரித்து வழங்கும் நிலை எவருக்கும் ஏற்புடையதன்று. 0.276 கைவிடப்பட்டது.

துப்பாக்கி கைவிடப்படவில்லை. அதன் அமைப்பை 0.303 அளவுக்கு மாற்றி, 1914ஆம் ஆண்டு மாதிரி என்னும் பெயரில் வின்செஸ்டர், ரெமிங்டன் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் செய்தன. உறுதியான பூட்டமைப்பும், கண்ணுக்கு அருகிலிருந்த துளைக் குறிகாட்டியும் இதனை மறைந்து சுடும் வீரர்களின் விருப்பத்துக்குரியதாக்கின. 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா, அதே துப்பாக்கியைத் தன் 0.30 அங்குலத் தோட்டாவுக்கு மாற்றி இருபது லட்சத்துக்கு மேல் உருவாக்கியது. பருத்த 0.276 தோட்டாக்கள் ஐந்துக்கென வடிவமைத்த அறையில் ஒல்லியான அமெரிக்கத் தோட்டாக்கள் ஆறு அடங்கின. கைவிடப்பட்ட அளவு விட்டுச்சென்ற தடயம் அது.

முடிவுரை

0.303 நிலைத்தது அது சிறந்த அளவு என்பதால் அன்று. ஏற்கெனவே எங்கும் இருந்த அளவு என்பதாலேயே. 1932இல் அமெரிக்கப் படைத்தலைமையும் வேறொரு 0.276 தோட்டாவை, பழைய தோட்டா இருப்பைக் காரணம் காட்டி மறுத்தமை இப்போக்கு பிரித்தானியருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகிறது. ஒரே துப்பாக்கி அமைப்பு 0.303, 0.30 ஆகிய இரு அளவுகளிலும் நற்பெயர் பெற்றமை மற்றொரு முடிவுக்கு இட்டுச்செல்கிறது. அளவுகள் தம்முள் நெருங்கியவையாக இருக்கும்போது, நெடுந்தொலைவுத் திறனைப் பெரிதும் தீர்மானித்தவை குழலின் நலம், குறிகாட்டியின் துல்லியம், சுடுபவரின் பயிற்சி ஆகியவையே. போயர் போர் கற்பித்ததும் இதுவே. அப்போரைக் குழல்விட்டங்களின் போட்டியாகக் கண்டவர்கள், அதனைக் கற்காமலே பதினைந்து ஆண்டுகளைக் கழித்தனர்.