செயின்சா கால்காப்பு

செயின்சா கால்காப்பு என்பது சங்கிலி ரம்பத்தால் மரம் அறுப்பவரின் கால்களை ஓடும் சங்கிலியிலிருந்து காக்கும் உடை. மேல்துணி கிழிந்ததும் உள்ளடுக்கிலுள்ள பாலியெஸ்டர் அல்லது அராமிட் நீளிழைகள் உருவப்பட்டு, சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தில் சுற்றி ஓட்டத்தை நிறுத்துகின்றன. முறுக்குவிசை மிகுந்த மின் ரம்பங்கள் இவ்வாறு நிற்குமென்ற உறுதியில்லை. ஐஎஸ்ஓ 11393-2 தரநிலை சங்கிலி வேகத்தை வைத்துக் கால்காப்பை வகுக்கிறது: வகுப்பு 1 நொடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2 நொடிக்கு 24, வகுப்பு 3 நொடிக்கு 28. கால்காப்பின் வகுப்பு ரம்பத்தின் வேகத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். ஏ, பி வடிவங்கள் முக்கியமாக முன்புறத்தை மறைப்பவை; சி வடிவம் காலைச் சுற்றிலும் காக்கும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியில், வெயில் கருதி, பின்புறம் திறந்து வாரால் கட்டும் வகை அணிய எளிது. கல்வராயன் மலைச் சரிவில் கால் வழுக்கினால் ரம்பம் எப்பக்கமும் படலாம்; அங்கு சி வடிவமே தக்கது. மடித்துக் கட்டிய லுங்கி காப்பாகாது, அதன் நுனியே சங்கிலியில் சிக்கும். வெட்டுப்பட்ட கால்காப்பைத் தைத்து அணிவதும் வீண்: தையல் இழைகளை உருவவிடாது.