சுனைக்குச் சொந்தக்காரர்கள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் பாம் ஸ்பிரிங்ஸ். ஒரு பக்கம் செங்குத்தாக எழும் சான் ஹசின்ட்டோ மலை, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. கோச்செல்லா இசை விழா அதே பள்ளத்தாக்கில்தான் நடக்கிறது என்பதால் அந்த வட்டாரத்தின் பெயர் நம் ஊர் இளைஞர்களுக்கும் பழக்கம். ஆனால் பாட்டு வந்தது நேற்று. ஊரை உண்டாக்கியது அதன் நட்டநடுவில் கிளம்பும் ஒரு வெந்நீர்ச் சுனை.

அங்கே காலங்காலமாக வாழும் கவீயா பழங்குடியினர் அதற்கு வைத்த பெயர் செக்ஹி. கொதிநீர் என்று பொருள். நீர் உண்மையில் கொதிப்பதில்லை, 40 டிகிரிச் சூடுதான். அடியிலிருந்து மணலைக் கிளப்பிக்கொண்டு குமிழியிட்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு உலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் அது ஆக்வா காலியென்டே, அதாவது சுடுநீர், ஆனது. பிறகு அந்தப் பெயரே அங்கிருந்த கவீயாக்களின் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்குச் சுனை குளிக்கும் இடம் மட்டுமில்லை. கீழுலகத்து ஆவிகள் வந்துபோகும் வாசல், பூசாரிகள் சக்தி தேடிப் போகும் இடம். பாலையில் வாழ்ந்தாலும் தண்ணீர் எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மணலைச் சரிவாகத் தோண்டி, நடந்தே இறங்கி மொண்டுவரும் படிக்கிணறுகளை வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலுள்ள இந்தியன் வெல்ஸ் நகரின் பெயர் அப்படிப்பட்ட கிணறுகளால் வந்ததுதான்.

ரயில் வந்தபோது வினை தொடங்கியது. பாதை போடுவதற்கு ஊக்கமாக, தண்டவாளத்தின் இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட சதுர மைல்களை அமெரிக்க அரசு சதர்ன் பசிபிக் கம்பெனிக்குக் கொடுத்தது. கவீயாக்களுக்கு 1876-ல் அதிபர் கிராண்ட் ஒதுக்கத் தொடங்கிய நிலம் இரட்டைப்படை எண்களில் அமைந்தது. வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை: ஒரு கட்டம் ரயில்காரனுக்கு, அடுத்த கட்டம் பழங்குடிக்கு. சுனை இருந்தது 14-ம் எண் கட்டத்தில். இரட்டைப்படை! இந்த ஓர் எண் தப்பிப் போயிருந்தால் ஊரின் கதையே வேறாக இருந்திருக்கும்.

வெள்ளையரை அங்கே இழுத்து வந்தது நோய். மக்கல்லம் என்ற சான் பிரான்சிஸ்கோ வக்கீல், காசநோய் பிடித்த மகனுக்கு உலர்ந்த காற்று வேண்டும் என்று 1884-ல் குடும்பத்தோடு வந்து பழத்தோட்டம் போட்டார். 1890-களில் பிடித்த நீண்ட வறட்சி தோட்டத்தைத் தின்றுவிட்டது. அவரைத் தொடர்ந்து வந்த வெல்வுட் மரே என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஊரின் முதல் ஓட்டலைத் திறந்தார். கவீயாக்களிடம் சுனையைக் குத்தகைக்கு எடுத்து விருந்தினரைக் குளிக்க அனுப்பினார். 1909-ல் நெல்லி காஃப்மன் தொடங்கிய 'டெசர்ட் இன்' ஓட்டலும் முதலில் நோயாளிகள் தங்கித் தேறும் விடுதியாகத்தான் இருந்தது. பணக்கார விருந்தினர் வரத் தொடங்கியதும் காசநோயாளிகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. இருமிக்கொண்டு வந்தவர்களால் பிழைத்த ஊர், இருமுகிறவர்களைக் கண்டு முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டது.

1920-களின் முடிவில் எல் மிரடோர் ஓட்டல், 1934-ல் நடிகர்கள் சார்லஸ் ஃபாரல், ரால்ஃப் பெல்லமி ஆகியோரின் ராக்கெட் கிளப், பிறகு பிராங்க் சினாட்ராவின் வீடு என்று ஹாலிவுட் வந்திறங்கிய கதை பலரும் சொன்னது. அதைவிடச் சுவையானது கேபிள் கார். பிரான்சிஸ் கிராக்கர் என்ற மின்பொறியாளர் 1935-ல் கீழே வெயிலில் வெந்துகொண்டு மேலே பனி படர்ந்த சிகரத்தைப் பார்த்து, அங்கே போக வழியில்லையா என்று யோசித்தார். வழி பிறக்க 28 வருடம் ஆனது. பாறைச் சரிவில் சாலை போட முடியாமல், தூண்களுக்கான சாமானையும் ஆட்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றிக் கட்டினார்கள். 1963-லிருந்து பயணிகள் 806 மீட்டர் உயரத்தில் ஏறி, கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டே கிளம்பி, பத்தே நிமிடத்தில் 2,596 மீட்டர் உயரத்தில் பைன் காட்டில் இறங்குகிறார்கள்.

இத்தனை பகட்டுக்கும் நடுவே, சுனையிருந்த அந்தச் சதுர மைல் குடிசைப் பகுதியாகக் கிடந்தது. காரணம் சட்டம். பழங்குடி நிலத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது; ஐந்து வருடக் குத்தகையை நம்பி யார் ஓட்டல் கட்டுவார்? 1950-களில் முழுக்கப் பெண்களே அமர்ந்த பழங்குடி மன்றம், வயோலா ஆர்ட்னர் தலைமையில் வாஷிங்டன் வரை போய் முட்டியது. 1959-ல் 99 வருடக் குத்தகைக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டே சுனையின் மேல் நவீனக் குளியல் மாளிகை எழுந்தது, 1963-ல் அதையொட்டி ஓட்டலும் வந்தது.

நிலத்துக்கு விலை வந்ததும் கழுகுகளும் வந்தன. கவீயாக்களின் சொத்தைப் 'பாதுகாக்க' நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கள் கட்டணம் என்ற பெயரில் அதைக் கரைத்தார்கள். பிரஸ்-என்டர்பிரைஸ் நாளிதழ் இந்தக் கொள்ளையை அம்பலப்படுத்தி 1968-ல் புலிட்சர் பரிசு பெற்றது. அந்த 14-ம் எண் கட்டத்தில் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் நிலைமை இன்னும் மோசம். ஓட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்கியவர்கள், கட்டடம் கட்டியவர்கள் இவர்கள்தான். அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. நகராட்சி மன்னிப்புக் கேட்டது 2021-ல். இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது 2024-ல். ஓய்வெடுக்க வருகிறவர்கள் கையில் கொடுக்கப்படும் வண்ணக் கையேட்டில் இந்தப் பக்கத்துக்கும் இடம் வேண்டும்.

பழைய ஸ்பா ஓட்டலை 2014-ல் இடித்த கவீயாக்கள், 2023-ல் அதே இடத்தில் தாங்களே நடத்தும் புதிய குளியல் நிலையத்தைத் திறந்தார்கள். பெயர் பழைய பெயர்தான்: செக்ஹி. பக்கத்திலேயே அவர்களின் அருங்காட்சியகம். இதற்கிடையில் நிலத்தடி நீரிலும் தங்களுக்கு உரிமை உண்டு என்று வழக்குப் போட்டு, 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றிருந்தார்கள்.

இன்றும் பாம் ஸ்பிரிங்ஸில் வீடு பார்க்கப் போகிறவர் விலைக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: மனை சொந்தமா, குத்தகையா? குத்தகை என்றால் சுவரும் கூரையும்தான் வாங்குகிறவருக்கு; தரை கவீயாக்களுடையது, வாடகையும் அவர்களுக்கு.