மெர்செட் ஆற்றுத் திட்டத்தில் பயன்பாட்டு வரம்பும் மக்கள் கலந்தாய்வும்: ஒரு மறுவாசிப்பு

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியே பாயும் மெர்செட் ஆற்றின் மேலாண்மைத் திட்டத்தை ஆராய்ந்தோருள் ஒரு சாரார், மக்கள் கலந்தாய்வை நிர்வாகம் கடந்தாக வேண்டிய சடங்காகவும், வருகையாளர் வரம்பை நீதிமன்றம் வெளியிலிருந்து சுமத்திய தொழில்நுட்பக் கட்டளையாகவும் கொள்கின்றனர். இவ்விரண்டையும் பிரித்து நோக்கியதே அவ்வாசிப்பின் அடிப்படைக் குறை எனலாம்.

1968ஆம் ஆண்டின் காட்டாறுகள், எழிலாறுகள் சட்டத்தில் 3(டி)(1) என்னும் உட்பிரிவு, ஆற்றுவளப் பாதுகாப்பு, கரையோரக் கட்டுமானம், பயன்பாட்டுக் கொள்ளளவு, அதாவது ஆற்றின் சிறப்பியல்புகள் கெடாதவாறு அது தாங்கக்கூடிய பயன்பாட்டின் வகையும் அளவும் ஆகியவற்றைத் திட்டம் வரையறுக்க வேண்டும் என்றும், மாநில, உள்ளாட்சி அரசுகளையும் அக்கறையுள்ள பொதுமக்களையும் கலந்த பின்னரே அதை உருவாக்க வேண்டும் என்றும் ஒருசேர விதிக்கிறது. கலந்தாய்வின் பொருள் அந்த உட்பிரிவிலேயே அடங்கியிருப்பதால், கொள்ளளவைச் சொல்லாத வரைவின் மீது கருத்துக் கேட்பது, எத்தனை கூட்டங்கள் கூட்டினாலும், சட்டம் கருதிய கலந்தாய்வு ஆகாது.

2000ஆம் ஆண்டுத் திட்டத்தின் குறை இதுவே. அளவிடத்தக்க வரம்பு அதில் இல்லை என 2003இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அளவுகோல்களோ சீர்கேடு நேர்ந்த பின்பே நடவடிக்கையைத் தூண்டுபவை என 2008இல் அதே நீதிமன்றம் அவற்றையும் ஏற்க மறுத்தது. வழக்குத் தொடுத்தவை உள்ளூர்க் குடிமக்கள் அமைப்புகள் என்பதால், இத்தீர்ப்புகளை வெளியிலிருந்து வந்தவை என்பது பொருந்தாது. மறுக்கவோ ஏற்கவோ தக்க ஓர் எண்ணை அவர்கள் நீதிமன்றத்தின் வழியே கேட்டுப் பெற்றனர்.

எண்ணும் இடமும் தெளிவாகக் குறிக்கப்பட்ட 2013ஆம் ஆண்டு வரைவின் மீதான கருத்துகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. மிதிவண்டி வாடகை நிலையத்தை நீக்கும் முன்மொழிவு, இரு கரைகளிலும் கால் மைல் அளவுக்கு அமைந்த பாதுகாப்புப் பட்டைக்கு வெளியே அதை மாற்றுவதாக 2014ஆம் ஆண்டு இறுதித் திட்டத்தில் திருந்தியது. நீரோட்டத்தை நெருக்கும் சுகர் பைன் பாலத்தை உடனே அகற்றுவதற்கு மாறாக, முதலில் பிற வழிகளை முயல்வதென முடிவாயிற்று. யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு நாளொன்றுக்கு உச்ச அளவாக 20,100 பேர் என்னும் எண்ணும் அதில் இடம்பெற்றது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையும் அப்போது நடந்தமையால், எம்மாற்றத்துக்கு எவ்வழுத்தம் காரணம் என அறுதியிட்டுக் கூற இயலாது; ஆயினும் குறிப்பான முன்மொழிவு இருந்ததாலேயே குறிப்பான எதிர்ப்பு எழ முடிந்தது என்பதில் ஐயமில்லை.

வரம்பு நிபுணர்களுக்கே உரியது என்னும் மறுப்பு இங்கு நிற்காது. எத்தகைய ஆற்று அனுபவம் காக்கத்தக்கது என்பது அறிவியல் மட்டும் தீர்க்கும் வினா அன்று. தொலைவில் வாழ்வோரின் கருத்துக்கு இடமேன் என்பாருக்கு, சட்டம் கேட்பது அக்கறையையே, முகவரியை அன்று என்பது போதிய விடை.

1987இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த ஆற்றுக்கு மூன்று முழு நிதியாண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டிய திட்டம் 2014 வரை நீண்டதற்கு, வழக்காடிய மக்களைப் பொறுப்பாக்குவது முந்தைய ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. அச்சட்டக் கெடு முடிந்து பல ஆண்டுகள் கழித்து வெளியான முதல் திட்டமே வரம்பின்றி வந்தது என்பதை அவ்வாய்வுகள் கணக்கில் கொள்ளவில்லை.