செம்பில் எழுதிய நகல்

முக்கியமான தகவலை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பது கணினி வந்தபிறகு தெரிந்த விஷயமல்ல. ஜவ்வாது மலையை அடுத்த பாலாற்றுச் சமவெளியில், வாணியம்பாடி அருகே உள்ள உதயேந்திரம் அதற்குச் சாட்சி. 8ஆம் நூற்றாண்டில் பல்லவன் இரண்டாம் நந்திவர்மன், தளபதி உதயசந்திரன் கேட்டுக்கொண்டபடி இவ்வூரை 108 அந்தணர்களுக்குத் தானமளித்தான். காஞ்சி அரண்மனை ஓலைகள் மண்ணோடு போயின; ஊரிலிருந்த செப்பேடு 1850இல் கிடைத்தது.

கல்வெட்டை வழிப்போக்கனும் படிக்கலாம். செப்பேட்டை உரியவர் எடுத்துக் காட்டினால்தான் உண்டு. ஏடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து முத்திரையிடுவார்கள், நடுவில் ஓர் ஏட்டைச் செருக வளையத்தை வெட்டியாக வேண்டும் (வெட்டினால் தெரிந்துவிடும்!).

ஆனால் உதயேந்திர ஏடுகளின் எழுத்தமைதி நந்திவர்மன் காலத்தது அல்ல, பிற்காலத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சோழன் பராந்தகனின் 26ஆம் ஆட்சியாண்டுக் குறிப்பும் கடைசியில் இருக்கிறது. அதாவது மூலம் தொலைந்து, நகல்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. நகலெடுத்தவர் ஒரு வரியை மாற்றியிருந்தால்? அதை எந்த வளையமும் காட்டிக்கொடுக்காது.