முகாம் அறையிலிருந்து கல்வீட்டுக்கு: போருக்குப் பிந்தைய குடியேற்றத்தில் வீட்டின் வரலாறு

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் மன்னார்க் கரையில் படகேறிய பலருக்கும் தனுஷ்கோடி மணல்தான் இந்தியாவில் கால்பட்ட முதல் இடம். அங்கிருந்து மண்டபம் முகாமுக்குப் போகும் வழியில் தங்கச்சிமடம், அக்காள்மடம், பாம்பன் என்று ஊர்கள் வரும். 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, பாம்பனைத் தாண்ட 1914ஆம் ஆண்டின் ரயில் பாலமே வழி.

அவர்கள் போய்ச் சேர்ந்த மண்டபம் முகாம், குடியிருக்கக் கட்டப்பட்டதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்க உருவான இடம் அது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோரும் அதன் வழியாகவே வந்தனர். கடந்துபோகிறவர்களுக்கான அந்த முகாமில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

2009 மே மாதம் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தது. மறு ஆண்டு இந்தியா, இலங்கையில் 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. முதல் 1,000 வீடுகளை வடக்கில் ஒப்பந்தக்காரர்கள் கட்டினர். 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. கொத்தனாரைப் பேசுவதும் கல், மணல், சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. போருக்குப் பிந்தைய வீட்டு வரலாற்றில் இதையே பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். காடுமண்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றை இறைத்து, அத்திவாரம் வெட்டும்போது கூடவே நின்றவருக்குக் குடியேற்றம் அன்றே தொடங்கிவிட்டது. விறகடுப்புப் புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார்.

அதற்கு விலையும் இருந்தது. பொருள்களின் விலை ஏற ஏற உதவித்தொகை போதவில்லை. தம் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பெரிதாகத் திட்டமிட்டவர்கள் நகையை அடகுவைத்தனர், கடனில் விழுந்தனர். கணவரைப் போரில் இழந்த பெண்களுக்குக் கட்டட வேலையை மேற்பார்ப்பதே தனிச் சுமை. இந்தத் திட்டத்தைப் புகழ்வோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 65,000 இரும்பு வீடுகள் கட்டும் இலங்கை அரசின் திட்டம் 2016இல் எதிர்ப்பைச் சந்தித்தது. ஒன்றின் விலை 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். வெக்கை தாங்காது, அத்திவாரம் போதாது, சமையலறை நம் புழக்கத்துக்கு ஒத்துவராது, உள்ளூர்க் கொத்தனாருக்கும் வேலையில்லை என்று வடக்கில் குரல்கள் எழுந்தன. தொழிற்சாலை வீடு என்பதாலேயே அது மோசமாகிவிடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் அமைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளைப் பலர் விரும்பியே வைத்துக்கொண்டனர். அவற்றில் குளிர்பதனப் பெட்டியும் நல்ல சமையலறையும் குளியலறையும் இருந்தன. குடியிருப்பவரின் அன்றாடத்துக்கு அவை பொருந்தின. வடக்கில் அந்தப் பொருத்தமே இல்லை.

பாக் நீரிணையின் இக்கரையில் மாற்றம் வரத் தாமதமானது. 2021இல் 108 முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தனர். அவ்வாண்டு தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவெடுத்தது. திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. ஒழுகாத கூரை, தனிச் சமையலறை, கழிப்பறை. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் அங்கே குடிபுகுந்தவர் சட்டப்படி இன்னும் அயல்நாட்டவரே. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முகாமிலேயே பிறந்தவருக்குக் குடியுரிமையும், அவர் வாழும் வீட்டுக்குப் பட்டாவும் கிடைக்க வேண்டும்.